மேற்கு மதிலோரம்: எங்கள் சேகரக் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

சேகரக் குருவானவர் ஐயா அவர்களுக்கும், நம் சேகரத்துச் சபைகளை நடத்தும் கமிட்டிப் பெரியவர்களுக்கும்,

சென்ற மாதம் நீங்கள் போட்ட தீர்மானத்தை ஞாயிறு ஆராதனையில் மற்ற அறிவிப்புகளோடு சேர்த்து வாசித்தீர்கள். அசன விருந்துக்கு அரிசி மூட்டை கொடுத்தவர்களின் பெயர்கள், வாலிபர் சங்கக் கூட்டத்தின் நேரம், அடுத்தபடியாக இது. தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்ளும் சபையாரின் உடல் இனி ஆலயத்துக்குள் வராது, துக்கமணி அடிக்கப்படாது, குருவானவர் அங்கி அணிந்து அடக்க ஆராதனை நடத்தமாட்டார், கல்லறைத் தோட்டத்தில் மேற்கு மதிலோரம் மட்டும் இடம் உண்டு. "தேவ நீதியைக் காக்கும் பொருட்டு" என்று அதற்கு ஒரு முகவுரையும் வைத்திருந்தீர்கள்.

என் அக்கா அந்த ஆராதனையில் உட்கார்ந்திருந்தாள். அவள் மகனுக்கு நீங்கள் ஏற்கெனவே செய்ததைத்தான் இப்போது விதியாக எழுதியிருக்கிறீர்கள் என்பது ஆலயத்தில் இருந்த பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். நேரில் கேட்டேன். கமிட்டி முடிவு, இனி பேச ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பினீர்கள். அதனால்தான் எல்லாரும் வாசிக்கும்படி எழுதுகிறேன்.

அவன் யாரென்று முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடக்கத்தன்று யாரும் சொல்லவில்லை. அவன் எலக்ட்ரீஷியன். ஆலயத்தின் வயரிங் முழுவதும் அவன் கை. கன்வென்ஷன் கூட்டங்களுக்கு மைக் செட் கட்டியவன், கரண்ட் போனால் பிரசங்கத்தின் நடுவே ஓடிப்போய் ஜெனரேட்டரைப் போட்டவன், ஒவ்வொரு டிசம்பரிலும் கோபுரத்தில் ஏறி நட்சத்திரம் கட்டியவன். கூலி வாங்கியதில்லை. அவனுக்கு மனச்சோர்வு நோய் இருந்தது. அதற்கு ஜி.எச்.-இல் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான், வேலைக்கும் போய்க்கொண்டிருந்தான். ஓர் உபவாச ஜெபக் கூட்டத்தில் கைவைத்து ஜெபித்தவர்கள், விசுவாசம் இருக்கிறவனுக்கு மாத்திரை எதற்கு என்று கேட்டார்கள். மாத்திரையை நிறுத்தினான். மழைக்காலம் முடிவதற்குள் போய்விட்டான்.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். போஸ்ட்மார்ட்டம் முடிந்து உடலை வாங்கிவர மாலையாகிவிட்டது. ஆலய வாசலில் ஒரு நிமிடமாவது வண்டியை நிறுத்தலாமா என்று அக்கா கேட்டாள். கேட்டைப் பூட்டியிருந்தீர்கள். வீட்டு முற்றத்தில் சபை ஊழியர் ஒரு சின்ன ஜெபம் செய்தார். எங்கள் அம்மாவும் அப்பாவும் இருக்கும் வரிசையில் இடம் காலியாக இருந்தும், உடைமரம் மண்டிக்கிடந்த மதில் ஓரத்தில் குழி வெட்டச் சொன்னீர்கள். அடக்கப் பதிவேட்டில் அவன் பெயரே இல்லை. பிறகு போய்ப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அடுத்த ஞாயிறு பிரசங்கம் நித்திய நரகத்தைப் பற்றியது. பெயர் சொல்லவில்லை, சொல்லவேண்டிய அவசியமும் இருக்கவில்லை. அவன் பிறந்தநாள் வந்தபோது அக்கா நினைவு ஸ்தோத்திரக் காணிக்கை கொடுத்தாள். ரசீது தந்தீர்கள். யார் நினைவாக என்பதை மட்டும் வாசிக்கவில்லை.

நியாயத்தீர்ப்பு என்று ஒன்றும் கிடையாது, எல்லாரும் எப்படியோ மோட்சம் போய்விடுவார்கள் என்று வாதாட நான் வரவில்லை. உயிருள்ளோரையும் மரித்தோரையும் நியாயந்தீர்க்க அவர் வருவார் என்று வாராவாரம் எழுந்து நின்று நானும் அறிக்கை செய்கிறேன். அந்த வரியை நான் மனமாரச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். தீக்காய வார்டில் டியூட்டி பார்த்த காலத்தில், ஸ்டவ் வெடித்தது என்று எழுதப்பட்ட எத்தனையோ இளம் பெண்களைப் பார்த்திருக்கிறேன். கட்டில் பக்கத்திலேயே மாமியாரும் புருஷனும் நிற்க, மாஜிஸ்திரேட்டிடம் அந்தப் பெண்களே ஸ்டவ் வெடித்தது என்றுதான் சொல்வார்கள். வீட்டில் கைப்பிள்ளை இருக்குமே, வேறென்ன சொல்வார்கள். கேஸ் முடிந்துவிடும். அந்த ஸ்டவ் ஏன் வெடித்தது என்று அறிந்த ஒருவர் ஒருநாள் விசாரிப்பார் என்ற நம்பிக்கை இல்லாமல் நான் அந்த வார்டில் ஓர் இரவுகூட நின்றிருக்க முடியாது. நியாயத்தீர்ப்பு என்பது எனக்குப் பயமுறுத்தல் இல்லை, ஆறுதல். கேஸ் ஷீட்டில் எழுதாததையும் வாசிக்கத் தெரிந்த நியாயாதிபதி ஒருவர் இருக்கிறார் என்பதே அதன் பொருள்.

அதனால்தான் உங்கள் தீர்மானத்தை என்னால் ஏற்க முடியவில்லை. உள்ளதை எல்லாம் அறிந்தவர் விசாரிக்கவேண்டிய வழக்கை, போலீஸ் ரிப்போர்ட்டில் ஒரு வரியை மட்டும் பார்த்துவிட்டு நீங்கள் முடித்துவிட்டீர்கள். தண்டனையையும் நிறைவேற்றிவிட்டீர்கள். அவன் மூளையில் என்ன நடந்தது, எத்தனை இரவு தூங்காமல் இருந்தான், கடைசி நாழிகையில் யாரைக் கூப்பிட்டான் என்று உங்களில் யாருக்குத் தெரியும்? எனக்கே தெரியாது. "சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ" என்று ஆபிரகாம் கேட்டது அழிவு குறிக்கப்பட்ட சோதோமுக்காக. ஓர் ஊருக்காகவே அவ்வளவு மன்றாடினான் அவன். நம் சபைப்பிள்ளை ஒருவனுக்காக நீங்கள் ஒருமுறைகூட மன்றாடவில்லையே ஐயா.

நீங்கள் காட்டும் வசனங்களுக்கு வருகிறேன். தீர்மானத்தில் 1 கொரிந்தியர் 3-ஆம் அதிகாரத்தைக் குறிப்பிட்டிருக்கிறீர்கள்: தேவனுடைய ஆலயத்தை ஒருவன் கெடுத்தால் அவனைத் தேவன் கெடுப்பார். அந்த அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து வாசித்துப் பாருங்கள். நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன் என்று கோஷ்டி கட்டிச் சபையைப் பிளந்தவர்களைப் பார்த்துப் பவுல் எழுதியது அது. தற்கொலையைப் பற்றி அங்கே ஒரு பேச்சும் இல்லை. கமிட்டித் தேர்தல் சமயத்தில் நம் சபை மூன்றாகப் பிரிந்து, ஒரு வீட்டார் இன்னொரு வீட்டுக் கல்யாணத்துக்குப் போகாமல் இருந்தார்களே, அந்த வசனத்தை அப்போது எடுத்திருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும்.

ஆண்டவரைக் காட்டிக்கொடுத்துவிட்டுத் தன் உயிரை மாய்த்துக்கொண்ட யூதாஸைச் சொன்னீர்கள். அந்த மனுஷன் பிறவாதிருந்தால் நலமாயிருக்கும் என்று ஆண்டவர் சொன்னது உண்மை. ஆனால் அது காட்டிக்கொடுப்பதைப் பற்றிச் சொன்ன வார்த்தை, அவன் உயிரோடு பந்தியில் இருந்தபோதே சொன்னது. மன்னிப்பே இல்லாத பாவம் என்று மத்தேயு 12-இல் அவர் சொன்னது பரிசுத்த ஆவிக்கு விரோதமான தூஷணத்தை. அந்தப் பட்டியலில் இன்னொன்றைச் சேர்க்க நமக்கு அதிகாரம் கிடையாது.

வேதத்தில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டவர்கள் வேறு சிலரும் இருக்கிறார்கள். அவர்களுடைய அடக்கத்தைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று உங்களில் யாராவது தேடிப்பார்த்தீர்களா? அகித்தோப்பேல் தாவீது ராஜாவுக்கே துரோகம் செய்தவன். 2 சாமுவேல் 17-இல் அவன் முடிவு இருக்கிறது: தன் தகப்பன் கல்லறையில் அடக்கம்பண்ணப்பட்டான். துரோகிக்கே குடும்பக் கல்லறை கிடைத்தது. எதிரிகளோடு தானும் சாகும்படி வீட்டை இடித்துத் தள்ளிய சிம்சோன் தன் தகப்பன் மனோவாவின் கல்லறையில் வைக்கப்பட்டான். எபிரெயர் 11-இல் விசுவாச வீரர் வரிசையில் அவன் பெயரும் வருகிறது. சிம்சோன் கதை வேறு என்று சொல்வீர்கள், சரி, அதை விடுங்கள்.

சவுலை எடுத்துக்கொள்ளுங்கள். தேவன் புறக்கணித்த ராஜா. கில்போவா மலையில் தன் பட்டயத்தாலேயே முடிந்தவன். பெலிஸ்தர் அவன் உடலை பெத்சான் மதிலில் தூக்கி மாட்டினார்கள். கேள்விப்பட்ட கீலேயாத்திலுள்ள யாபேஸ் ஊரார் என்ன செய்தார்கள்? இவன் முடிவு சரியில்லை, நமக்கெதற்கு வம்பு என்று இருக்கவில்லை. அவர்களிலுள்ள பலவான்கள் இராமுழுதும் நடந்துபோய், எதிரியின் மதிலிலிருந்து அந்த உடலை இறக்கிக் கொண்டுவந்தார்கள். எலும்புகளை மரத்தடியில் அடக்கம் பண்ணினார்கள், ஏழு நாள் உபவாசம் இருந்தார்கள். காரணம் 1 சாமுவேல் 11-இல் இருக்கிறது. அம்மோனியனாகிய நாகாஸ் அந்த ஊராரின் வலது கண்களைப் பிடுங்குவேன் என்று மிரட்டியபோது ஓடிவந்து காப்பாற்றியவன் சவுல். அதை அவர்கள் மறக்கவில்லை. அடக்கம் செய்தவர்கள் யார் என்று கேள்விப்பட்ட தாவீது, ஏன் அவனுக்கு இந்த மரியாதை செய்தீர்கள் என்று கேட்கவில்லை. நீங்கள் கர்த்தரால் ஆசீர்வதிக்கப்படுவீர்களாக என்று ஆளனுப்பிச் சொன்னான். அந்த ஊரார் மதிலிலிருந்து இறக்கினார்கள், நீங்கள் மதிலோரம் ஒதுக்கினீர்கள். உங்கள் ஜெனரேட்டரை ஓடி ஓடிப் போட்டவனுக்கு இந்தச் சபையில் ஒரு யாபேஸ் வீடுகூட இல்லாமல் போயிற்று.

சாக விரும்பியவர்களிடம் தேவன் எப்படி நடந்துகொண்டார் என்பதும் எழுதப்பட்டிருக்கிறது. சூரைச்செடியின் கீழே படுத்துக்கொண்டு என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்றான் எலியா தீர்க்கதரிசி. தூதன் வந்து அவனைக் கடிந்துகொள்ளவில்லை, நரகத்தை ஞாபகப்படுத்தவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து எழுப்பி, சாப்பிடச் சொன்னான். மறுபடி தூங்கவிட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம் என்று மட்டும் சொன்னான். தூக்கமும் சாப்பாடும் பக்கத்தில் ஓர் ஆளும். மனநல டாக்டர்கள் இன்றைக்கும் முதலில் கேட்பது இதைத்தான். பயமுறுத்தும் பிரசங்கத்துக்கு இந்தக் கதையில் ஆதாரம் தேடினால் கிடைக்காது.

அப்படியானால் உங்கள் விதி எங்கிருந்து வந்தது? அதற்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. 410-இல் ரோமாபுரி சூறையாடப்பட்டபோது பல கிறிஸ்தவப் பெண்கள் சீரழிக்கப்பட்டார்கள். மானம் போன பிறகு ஏன் உயிரோடு இருக்கிறார்கள் என்று கேலி பேசியவர்களுக்குப் பதிலாக, அவர்கள் ஏன் சாகவேண்டும், அவர்கள் மேல் குற்றம் இல்லையே என்று எழுதத் தொடங்கினார் அக்காலத்து ஆயர் அகஸ்தீன். தற்கொலையும் கொலையே என்ற அவர் வாதம் அந்த இடத்தில்தான் வருகிறது. அதாவது, உயிரோடு இருந்த பெண்களைக் காப்பாற்றச் சொன்னது. 6-ஆம் நூற்றாண்டில் போர்த்துகல் பக்கம் பிராகா நகரில் கூடிய ஆயர்கள்தான் அதை இறந்தவர்கள் மேல் திருப்பி, அப்படிப்பட்டவர்களுக்குச் சங்கீதம் பாடி அடக்கம் கூடாது என்று விதித்தார்கள். 1662-ஆம் ஆண்டு ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகத்தில், ஞானஸ்நானம் பெறாதவர்கள், சபைநீக்கம் செய்யப்பட்டவர்கள், தன்மேல் தானே கைவைத்துக்கொண்டவர்கள் ஆகிய மூவருக்கும் அடக்க ஆராதனை கிடையாது என்று ஒரு குறிப்பு ஏறியது. மிஷனரிமார் கப்பலில் வந்த அந்தப் புத்தகத்தோடு அந்தக் குறிப்பும் நம் ஊருக்கு வந்தது. அதே இங்கிலாந்தில் அப்படி இறந்தவர்களை நாற்சந்தியில் குழிதோண்டிப் புதைத்து, உடலில் கட்டை இறக்கும் வழக்கமும் இருந்தது. 1823-இல் சட்டம் போட்டுத்தான் அதை நிறுத்தினார்கள். அப்போதும் இரவு 9 மணிக்கு மேல், ஆராதனை இல்லாமல் அடக்கம் செய்யவேண்டும் என்று வைத்திருந்தார்கள்; 1882-இல் அந்த இரவு நேரக் கட்டாயத்தையும் எடுத்துவிட்டார்கள். அவர்களே கைவிட்ட ஒன்றைத்தான் நீங்கள் தேவ நீதி என்று பெயர் சூட்டி மினிட்ஸ் புத்தகத்தில் ஏற்றியிருக்கிறீர்கள்.

நாம் அடிக்கடி கடுமையானவர்கள் என்று பேசும் கத்தோலிக்கச் சபையின் 1917-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இந்தத் தடை இருந்தது. 1983-இல் வந்த புதுச் சட்டத்தில் அது இல்லை. 1992-இல் வெளியான அவர்களுடைய மறைக்கல்வி நூல், இப்படி இறந்தவர்களின் நித்திய இரட்சிப்பைக் குறித்து நம்பிக்கையிழக்கக் கூடாது, அவர் மட்டுமே அறிந்த வழிகளில் மனந்திரும்பத் தேவன் வாய்ப்புத் தரமுடியும் என்கிறது. சபை அவர்களுக்காக ஜெபிக்கிறது என்றும் சொல்கிறது. மார்ட்டின் லூத்தர் அதற்கும் நானூற்றைம்பது வருஷம் முன்னாலேயே சாப்பாட்டு மேசையில் பேசியிருக்கிறார்: இப்படிப்பட்டவர்கள் நிச்சயமாக ஆக்கினையடைந்தார்கள் என்று தான் நினைக்கவில்லை, காட்டில் கள்ளர் கையில் அகப்பட்டுக் கொலையுண்டவனைப் போன்றவர்கள் அவர்கள் என்று.

மனந்திரும்ப நேரம் இல்லையே என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். நல்ல கேள்விதான். ஆனால் அதே கேள்வியை நெஞ்சுவலியில் தூக்கத்திலேயே போனவர்களுக்கும், பைபாஸில் லாரி அடித்து அந்த இடத்திலேயே முடிந்தவர்களுக்கும் கேட்கவேண்டும். அவர்களில் யாரும் கடைசிப் பாவத்தை அறிக்கை செய்துவிட்டா போனார்கள்? கடைசி மூச்சுக்குள் பாவமன்னிப்புக் கேட்டு முடித்தால்தான் இரட்சிப்பு என்றால், சிலுவையில் ஆண்டவர் செய்ததெல்லாம் எதற்கு?

இன்னொன்று. நீங்கள் யாரும் பார்க்காததை நான் பார்த்திருக்கிறேன். தன் உயிரை மாய்த்துக்கொள்ளப் பார்த்து அவசர சிகிச்சைக்குக் கொண்டுவரப்பட்டவர்களை இரவும் பகலுமாகக் கவனித்திருக்கிறேன். அவர்களில் அநேகர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னைக் காப்பாத்திருங்க சிஸ்டர்" என்று அழுதிருக்கிறார்கள். பிள்ளை பெயரைச் சொல்லிச் சொல்லி அழுவார்கள். கும்பிடும் சாமி எதுவோ அதைக் கூப்பிடுவார்கள். இயேசப்பா மன்னியும் என்று விடியவிடியச் சொன்ன ஒரு பெண் விடிந்தபின் இறந்துபோனாள். பிழைத்து எழுந்தவர்கள் பலர் பிறகு கல்யாணம் காட்சி என்று நன்றாக வாழ்ந்ததையும் பார்த்திருக்கிறேன். சாகவேண்டும் என்பது அவர்களுடைய நிலையான எண்ணமே இல்லை, அந்த நேரத்து வேதனைதான் அவர்களைத் தள்ளியது. பக்கத்துச் சிலுவையில் தொங்கிய கள்ளன் ஆண்டவரிடம் கேட்டது ஒரே ஒரு வாக்கியம்தான். "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்ற பதிலுக்கு அது போதுமானதாக இருந்தது. என் அக்கா மகன் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லவில்லை என்று சாட்சி சொல்ல உங்களில் ஒருவருமில்லை.

மரியாதையாக அடக்கம் செய்தால் மற்றவர்களுக்குத் துணிச்சல் வந்துவிடும், பயம் இருந்தால்தான் தடுக்கலாம் என்பது உங்களுடைய இன்னொரு காரணம். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று தெரியும். ஆனால் யோசித்துப் பாருங்கள். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-இல் நாட்டில் 1,70,924 பேர் இப்படி இறந்தார்கள். அவர்களில் 19,834 பேர் தமிழ்நாட்டுக்காரர்கள், மகாராஷ்டிரத்துக்கு அடுத்து நாம்தான். அவமானமும் ஊர்ப்பேச்சும் இங்கே குறைச்சலா? அவமானம் தடுக்கும் என்றால் தமிழ்நாட்டில் ஒருவரும் போயிருக்கக்கூடாது. அவமானம் செய்வதெல்லாம் வாயை அடைப்பதுதான். மனது சரியில்லை என்று அவன் உங்களிடம் வந்து சொல்லியிருப்பானா? சொன்ன ஒரே இடத்தில் மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள். இனி இந்தச் சபையில் சாவு நடந்தால், வீட்டார் முதலில் பொய் சொல்லுவார்கள். தீராத வயிற்றுவலி என்று போலீஸில் எழுதிக்கொடுப்பது ஏற்கெனவே ஊர் வழக்கம். ஆலய வாசலிலும் அதையே சொல்லவேண்டிய நிலைக்குத் துக்கவீட்டாரைத் தள்ளியிருக்கிறீர்கள்.

அரசாங்கம்கூட மனம் மாறிவிட்டது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவரைக் கடும் மனஅழுத்தத்தில் இருந்தவராகவே கருதவேண்டும், தண்டிக்கக்கூடாது, அவருக்குச் சிகிச்சையும் ஆதரவும் தருவது அரசின் கடமை என்கிறது. இராயனாகிய அரசாங்கம் இரக்கம் காட்டுகிற இடத்தில் சபை கேட்டைப் பூட்டுகிறது.

இதே ஆலயத்தில், வட்டிக்கு விட்டே பல பேருடைய வீட்டுப் பத்திரத்தை எழுதி வாங்கியவருக்குப் பாடகர் குழு முழு அங்கியில் நின்று பாடியது. கர்த்தருடைய கூடாரத்தில் யார் தங்குவான் என்று கேட்கும் 15-ஆம் சங்கீதம், தன் பணத்தை வட்டிக்குக் கொடாதவன் என்றும் ஒரு பதில் சொல்கிறது. அவரை அடக்கம் செய்தது தவறு என்று நான் சொல்லவில்லை. நானும் போனேன், ஒரு பிடி மண் போட்டேன். அவரைத் தேவனுடைய கையில் விட்டுவிட நமக்குத் தெரிந்திருந்தது. இவனையும் அதே கையில் விடுவதற்கு என்ன தடை?

"நியாயத்தீர்ப்புக்குமுன்பாக இரக்கம் மேன்மைபாராட்டும்" என்று யாக்கோபு எழுதியதைப் போன வருஷம் நீங்களே பிரசங்கத்தில் எடுத்தீர்கள், ஐயா. அந்த வசனத்தின் முதல் பாதி, இரக்கஞ்செய்யாதவனுக்கு இரக்கமில்லாத நியாயத்தீர்ப்புக் கிடைக்கும் என்பது. உங்களைச் சபிக்க நான் அதை எடுக்கவில்லை. மினிட்ஸ் புத்தகத்தில் கையெழுத்துப் போட்ட ஒவ்வொருவரும் அதை ஒருமுறை தனியாக வாசிக்கவேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

நான் கேட்பது இவைதான்.

அந்தத் தீர்மானத்தை அடுத்த கமிட்டியில் ரத்து செய்யுங்கள். அதை எப்படி வாசித்தீர்களோ அப்படியே, ஞாயிறு ஆராதனையில், அறிவிப்பு நேரத்தில், ரத்தானதையும் வாசியுங்கள். சபையில் யார் எப்படி இறந்தாலும் ஒரே மணி, ஒரே ஆராதனை, அங்கியோடு குருவானவர் என்று எழுதிவையுங்கள்.

என் அக்கா மகனுடைய உடலைத் தோண்டி இடம் மாற்றச் சொல்லவில்லை. அவனை இனி யாரும் தொந்தரவு செய்யவேண்டாம். அந்த இடத்திலேயே கல்லறை கட்டவும், சிலுவையும் பெயரும் ஒரு வசனமும் பொறிக்கவும் அனுமதி கொடுங்கள். "நாம் மண்ணென்று நினைவுகூருகிறார்" என்ற 103-ஆம் சங்கீதத்து வசனத்தை அக்கா எழுதிவைத்திருக்கிறாள். மதிலோரத்து முள்ளை வெட்டிச் சுத்தம் செய்யுங்கள். அங்கே அவன் மட்டுமில்லை, அவனுக்கு முன்னால் ஒதுக்கப்பட்டவர்களும் கிடக்கிறார்கள், அவர்களில் பெயர் தெரியாத பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தியும் உண்டு என்று எங்கள் அம்மா சொல்லுவார்கள். அடக்கப் பதிவேட்டில் அவன் பெயரை ஏற்றுங்கள். குருவானவர் ஐயா அங்கியோடு வந்து, சபையார் முன்பாக, விடுபட்ட ஆராதனையை அந்தக் கல்லறையில் நடத்தித் தாருங்கள். அக்கா கொடுக்கும் காணிக்கையை வாங்கினால் அவன் பெயரையும் வாசியுங்கள். வாசிக்க மனமில்லை என்றால் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது உயிரோடு இருப்பவர்களுக்கானது. டாக்டர் எழுதிய மாத்திரையை நிறுத்து என்று எந்த ஜெபக் கூட்டத்திலும் யாரும் சொல்லக்கூடாது என்று சேகரம் முழுவதற்கும் சுற்றறிக்கை அனுப்புங்கள். சர்க்கரைக்கு இன்சுலின் போட்டுக்கொண்டு பிரசங்க மேடை ஏறுகிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள். யாரும் அவர்களுடைய விசுவாசத்தைச் சோதிப்பதில்லை. ஆலய அறிவிப்புப் பலகையில் 14416 என்ற எண்ணைப் பெரிதாக எழுதிவையுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசலாம். சபை ஊழியர்களையும் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களையும் மாவட்ட மனநலத் திட்டத்துக்காரர்களிடம் ஒரு நாள் பயிற்சிக்கு அனுப்புங்கள். ஏற்பாடுகளை நானே செய்து தருகிறேன், ஆஸ்பத்திரியில் எனக்கு இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள்.

கடைசியாக, இந்த மடலை அடுத்த கூட்டத்தில் முழுவதும் வாசித்துவிட்டு எழுத்தில் பதில் கொடுங்கள். முடியாது என்பது பதிலானால், எந்த வசனத்தின்படி முடியாது என்று அதிலேயே எழுதி, கையெழுத்துப் போட்டுத் தாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சேகரத்தின் சந்தா அங்கத்தினர்,
பணி ஓய்வு பெற்ற நர்ஸ் ஒருத்தி